அபுனைவு நூலுக்குக் கருத்து எழுதத் தொடங்குவோருக்கு

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பதினைந்து பேர் கூடி, அந்த மாதத்தில் படித்த நூல்களைப் பற்றிப் பேசுவதும், பேசியதை ஒரு பக்க அளவில் எழுதி நூலகக் கோப்பில் சேர்ப்பதும் வழக்கம். புதிதாக வருகிறவர்கள் நாவலைப் பற்றி நன்றாகவே பேசிவிடுகிறார்கள். அவர்கள் கையில் ஓர் அகராதியையோ, கோயில் வரலாற்றையோ, பயிர் வளர்ப்புக் கையேட்டையோ, சமையல் நூலையோ கொடுத்தால்தான் தடுமாற்றம் வருகிறது. "அரிய நூல், அனைவரும் அவசியம் படிக்க வேண்டும்" என்று இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள். பாபநாசத்திலிருந்து கும்பகோணத்துக்குப் பேருந்து ஏறிச் சென்று அறுநூறு ரூபாய் கொடுத்து அந்த நூலை வாங்கலாமா என்று யோசிப்பவருக்கு அந்த இரண்டு வரியால் ஒரு பயனும் இல்லை.

கதையல்லாத நூலைப் பற்றிய கருத்து எப்போது மதிப்புப் பெறுகிறது என்று கேட்டால், நூல் சொல்வதைத் தனக்கு நேரில் தெரிந்த ஓரிடத்தில் உரசிப் பார்த்துவிட்டு ஒருவர் எழுதும்போதுதான் என்பேன். காவிரிப் படுகையில் வாழும் நமக்கு அப்படித் தெரிந்த இடங்கள் நிறைய இருக்கின்றன. நெல்லும் வாய்க்காலும் கோயிலும் கல்வெட்டும் இசையும் சமையலும் நம் வாசலிலேயே கிடக்கின்றன. இவற்றைப் பற்றி எழுதப்பட்ட நூல்களும் மிகுதி. நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-இல் நூலாக வெளியிட்ட எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழியில் பிறந்தவர். அதே ஆண்டில்தான் மன்னார்குடி வட்டாரத்துச் சிற்றூர்களுக்கு மாட்டுவண்டியில் நூல்கள் போயின. ரங்கநாதனின் நான்காம் விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. கருத்து எழுதுகிறவர் செய்வது அந்த வேலையைத்தான் என்று நினைத்துக்கொண்டு தொடங்கினால் எழுத்து தானாகவே ஒழுங்குக்கு வரும்.

முதலில், தொடர்ந்து படிக்கும் நூலா, தேவைப்படும்போது எடுத்துப் பார்க்கும் நூலா

இந்த வேறுபாட்டை எழுத உட்காருவதற்கு முன்பே, படிக்கத் தொடங்கும் நாளிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். தன்வரலாறு, பயணநூல், வரலாற்று ஆய்வு ஆகியவற்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த பிறகே கருத்துச் சொல்லலாம். அகராதி, கலைக்களஞ்சியம், பஞ்சாங்கம், பயிர்க் கையேடு போன்ற பார்வை நூல்களை அப்படிப் படிக்கத் தேவையில்லை. அவற்றை ஒரு மாதமாவது கூட வைத்துக்கொண்டு, உண்மையாகவே ஐயம் எழும்போதெல்லாம் எடுத்துப் பார்த்து, எத்தனை முறை விடை கிடைத்தது, எத்தனை முறை வெறுங்கையோடு மூடினோம் என்று ஒரு தாளில் குறித்துவர வேண்டும். அந்தத் தாள்தான் பின்னர் உங்கள் கருத்துரைக்கு முதுகெலும்பாக நிற்கும். இரண்டே நாள் புரட்டிவிட்டு அகராதியைப் பற்றி எழுதுவது, ஒருமுறை மழை பெய்ததும் வாய்க்காலைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதைப் போன்றது.

இரண்டாவதாக, பதிப்புப் பக்கம்

தலைப்புப் பக்கத்தின் பின்புறம் இருக்கும் சிறிய எழுத்துகளைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. முதற்பதிப்பு எந்த ஆண்டு, கையில் இருப்பது திருத்திய பதிப்பா, பழைய பக்கங்களையே மீண்டும் அடித்த மறு அச்சா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். "பத்தாம் பதிப்பு" என்று அட்டையில் பெரிதாகப் போட்டுவிட்டு, உள்ளே ஒரு வரியும் மாற்றாமல் விடுவது நம்மிடம் உள்ள பழக்கம். ஆகவே அட்டையை நம்பாமல் உள்ளேயே சோதிக்க வேண்டும். படுகையில் உள்ளவர்களுக்கு இதற்கு ஓர் எளிய வழி உண்டு. பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது; திருவாரூரும் அதோடு போனது. 1997-இல் திருவாரூர் தனி மாவட்டமானது. 2020-இல் மயிலாடுதுறை மாவட்டம் உருவானது. ஒரு நூல் திருவாரூரைத் தஞ்சாவூர் மாவட்டத்தில் வைத்திருந்தால், அட்டையில் எந்த ஆண்டு அச்சிட்டிருந்தாலும் அந்தப் பகுதி 1991-க்கு முன் எழுதப்பட்டது என்று கொள்ளலாம். இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள தரங்கம்பாடி நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருப்பதாகச் சொன்னால் 2020-க்குப் பிறகு யாரும் அந்தப் பக்கத்தைத் திருத்தவில்லை.

இதே கணக்கைத் திருப்பியும் போட்டுப் பார்க்க வேண்டும். வெங்கசாமி ராவ் 1883-இலும் ஹெமிங்வே 1906-இலும் ஆங்கிலத்தில் தொகுத்த தஞ்சாவூர் மாவட்ட நூல்களை இன்றும் ஆய்வாளர்கள் தேடி எடுக்கிறார்கள். அவற்றிலுள்ள பரப்பளவையும் மக்கள்தொகையையும் இன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தோடு ஒப்பிட்டு, "புள்ளிவிவரம் தவறு" என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தவறு நூலில் இல்லை. இன்றைய நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களும் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தன.

பதிப்புப் பக்கத்தைப் பார்க்காமல் விட்டதால் எனக்கு நேர்ந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிர்ப் பாதுகாப்புக் கையேட்டைப் பற்றி மிகவும் பாராட்டி எழுதினேன். தமிழ் தெளிவாக இருந்தது, படங்கள் நன்றாக இருந்தன, பூச்சிகளின் பெயர்கள் நம் வட்டார வழக்கிலேயே கொடுக்கப்பட்டிருந்தன. என் கருத்துரையைப் படித்துவிட்டு அந்த நூலை வாங்கிய எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், அதில் கண்ட மருந்தின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு உரக்கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஐயா, இதைத் தடை பண்ணிப் பல வருஷமாச்சு" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். சீட்டில் இருந்த பெயர் எண்டோசல்பான். உச்ச நீதிமன்றம் 2011 மே மாதத்தில் அதன் உற்பத்தியையும் விற்பனையையும் பயன்பாட்டையும் நிறுத்தி ஆணையிட்டிருந்தது. நான் பாராட்டிய நூலோ பழைய பக்கங்களின் மறு அச்சு. பெரியவர் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. "நீ படிச்சவன்னு நம்பிப் போனேன் தம்பி" என்று மட்டும் சொன்னார். அன்று முதல் பதிப்புப் பக்கத்தைப் பார்க்காமல் நான் ஒரு வரியும் எழுதுவதில்லை.

மூன்றாவதாக, முன்னுரை

முன்னுரையை எதை வைத்து எடைபோடுவது என்பதற்கு வெளியே எங்கும் போகத் தேவையில்லை. நன்னூல் பாயிரத்திலேயே கட்டளை இருக்கிறது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்ற எட்டையும் காட்டுவது பாயிரத்தின் இயல்பு என்றும், காலம், களம், காரணம் என்ற மூன்றையும் கூட்டிப் பதினொன்றாகச் சொல்வாரும் உண்டு என்றும் பவணந்தியார் வகுத்தார். இவற்றில் மூன்றை மட்டும் அபுனைவு நூல்களுக்கு உரைகல்லாக வைத்துக்கொண்டால் போதும் என்பது என் அனுபவம். 'வழி' என்பதை ஆசிரியர் எந்தச் சான்றுகளிலிருந்து எடுத்தார் என்றும், 'எல்லை' என்பதை எதுவரை பேசுகிறார், எதை விடுகிறார் என்றும், 'கேட்போர்' என்பதை யாருக்காக எழுதினார் என்றும் நம் தேவைக்கு ஏற்ப விரித்துக்கொள்ளலாம். இந்த மூன்றுக்கும் முன்னுரையில் விடை இல்லாத நூலை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். விடை இருந்தால், அந்த விடையின்படியே நூலை அளக்க வேண்டும். பள்ளி மாணவருக்காக எழுதப்பட்ட நூலில் அடிக்குறிப்பு இல்லை என்று குறை சொல்வது முறையன்று.

முன்னுரை எப்படி இருக்க வேண்டும் என்று நேரில் காண விரும்புகிறவர், உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையரின் பதிப்புகளை எடுத்துப் பார்க்கலாம். 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட அவர், ஏட்டுச்சுவடிகள் எங்கிருந்து, யாரிடமிருந்து கிடைத்தன என்பதை முன்னுரைகளில் பதிவு செய்யும் வழக்கத்தை வாழ்நாள் முழுவதும் காத்தார். அந்தப் பக்கங்களைப் படித்த பிறகு, "பல அரிய நூல்களிலிருந்து தொகுக்கப்பட்டது" என்று பொத்தாம்பொதுவாக முடியும் முன்னுரைகள் எதை மறைக்கின்றன என்பது தானே புரியும்.

நான்காவதாக, உரசிப் பார்த்தல்

இதுதான் முழு வேலையின் நடுநாயகம். இதற்கு எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும். நூலில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு செய்தியைத் தேடி எடுத்து, அதை ஆசிரியர் எப்படிச் சொல்லியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். தெரிந்த இடத்தில் சரியாக இருக்கும் நூலைத் தெரியாத இடத்திலும் ஓரளவு நம்பலாம். தெரிந்த இடத்திலேயே தவறும் நூலை மற்ற இடங்களில் எப்படி நம்புவது?

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றிய நூல்களை எடுத்துக்கொள்வோம். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்னமும் பல நூல்கள் எழுதுகின்றன. மாலை நான்கு மணிக்கு மேல் கிழக்குப் பக்கம் திருச்சுற்றில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். வெயிலில் சுட்ட தளத்தின் மேல் விமானத்தின் நிழல் விழுந்து கிடப்பதும், வெறுங்காலோடு வருகிறவர்கள் அந்த நிழலைப் பார்த்து ஒதுங்கி நடப்பதும் கண்ணெதிரே தெரியும். உச்சியிலுள்ள சிகரம் எண்பது டன் எடையுள்ள ஒரே கல் என்ற கூற்றும் அப்படித்தான். அது பல கற்களை இணைத்து அமைத்தது என்று ஆய்வாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். இந்த இரண்டு செய்திகளையும் ஆராயாமல் எழுதும் நூல், கல்வெட்டுகளைப் பற்றிச் சொல்வதையும் ஆராயாமலே எடுத்திருக்கும் என்று ஐயுறுவதற்கு இடமுண்டு. மாறாக, இராசராசன் தன் ஆட்சியின் 25-ஆம் ஆண்டு 275-ஆம் நாளில் விமானத்தின் மேல் வைக்கக் கொடுத்த செப்புக் கலசத்தைப் பற்றி எழுதும்போது, அது எந்தக் கல்வெட்டில் உள்ளது, தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் எந்த எண் என்பதையும் கூடவே தரும் நூலை நிமிர்ந்து உட்கார்ந்து படிக்கலாம்.

வேளாண் நூலுக்கு உரைகல் வயல். குறுவை, சம்பா, தாளடி என்ற மூன்று பட்டங்களையும் ஆசிரியர் வேறுபடுத்தத் தெரிந்தவரா என்பதை முதலில் பாருங்கள். ஆடுதுறை 36 சுமார் 110 நாள் பயிர், சி.ஆர். 1009 ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும் சம்பா இரகம். சி.ஆர். 1009-ஐக் குறுகிய காலப் பட்டமான குறுவைக்குப் பரிந்துரைக்கும் கையேட்டை மேற்கொண்டு புரட்ட வேண்டியதே இல்லை. மருந்துப் பெயர்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, இன்று தடையில் உள்ளவை எவை என்று வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டறிந்துவிட்டு எழுதுங்கள். இந்த ஒரு பணியில் மட்டும் சோம்பல் கூடாது. பிழை பயிரோடு நிற்காமல் மனிதரின் உடம்பையும் தொடக்கூடியது.

அகராதிக்கு உரைகல் நம் பேச்சு. நான் எப்போதும் எடுத்துப் பார்க்கும் சொல் 'சாவி'. திறவுகோல் என்ற பொருள் எல்லா அகராதியிலும் இருக்கும். கதிர் வந்தும் மணி பிடிக்காமல் காய்ந்து போன நெல்லையும் இங்கே சாவி என்கிறோம். "மூணு மா நிலமும் சாவியாப் போச்சு" என்று சொல்லும்போது அதில் இருக்கும் வலி இந்த மண்ணில் உள்ளவர்களுக்குத் தெரியும். அந்தப் பொருளையும் தரும் அகராதியின் தொகுப்பாளர்கள் வயல்வெளிச் சொல்லுக்கும் காது கொடுத்திருக்கிறார்கள் என்பது உறுதி. இப்படி ஐந்தாறு சொற்களை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள். கலிங்கு, மதகு, தலைமடை, கடைமடை, தாளடி என்று பாசனத்திலிருந்து எடுத்தாலும் சரி, அடுக்களையிலிருந்து எடுத்தாலும் சரி, எல்லா அகராதிக்கும் அதே சொற்களை வைத்துச் சோதித்தால் ஒப்பீடு நேர்மையாக இருக்கும்.

ஆனால் அகராதிகளை ஒப்பிடும்போது அவற்றின் நோக்கத்தை மறக்கலாகாது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டு, 1939-இல் இணைப்பும் சேர்த்த தமிழ்ப் பேரகராதி ஓரிலக்கத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. இலக்கியத்தில் வரும் பழஞ்சொல்லுக்குப் பொருள் காண அதை விட்டால் வழியில்லை. இன்றைய செய்தித்தாளில் வரும் சொல் எப்படி வாக்கியத்தில் புழங்குகிறது என்று அறிய 1992-இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை எடுக்க வேண்டும். ஒன்றில் 'கணினி' இல்லை என்றும் மற்றதில் சங்கச் சொல் இல்லை என்றும் குறைகூறும் கருத்துரை, எழுதியவருக்கு நூலின் எல்லை தெரியவில்லை என்பதை மட்டுமே காட்டும்.

பஞ்சாங்கத்திலும் இதே சிக்கல் வரும். அதைக் கணிப்பதில் திருக்கணிதம், வாக்கியம் என்று இரண்டு முறைகள் உண்டு. திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29 அன்று நிகழ்ந்தது. வாக்கிய முறையைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயிலில் அது 2026-க்குரியது. இரண்டு முறைகளையும் பிரித்தறியாமல் ஒரு பஞ்சாங்கத்தை "தவறான தகவல்" என்று எழுதிவிடாதீர்கள். எந்த முறையில் கணிக்கப்பட்டது என்பதை நூல் முதல் பக்கத்திலேயே சொல்கிறதா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

சமையல் நூலைச் சமைத்துப் பார்க்காமல் மதிப்பிடக் கூடாது. குறைந்தது மூன்று பண்டங்களாவது, அவற்றுள் ஒன்று உங்கள் வீட்டில் வழக்கமாகச் செய்வது. பழைய நூலானால் ஆழாக்கு, பலம், வீசை என்ற அளவுகள் வரும். பட்டணம் படியும் சின்னப் படியும் வேறு வேறு என்பதால், இன்றைய பதிப்பில் அவற்றுக்குக் கிராம், மில்லி லிட்டர் கணக்கு கொடுத்திருக்கிறார்களா என்று எழுதினால் வாங்குகிறவருக்கு மிகவும் உதவும்.

சுவடியிலிருந்து பதிப்பித்த வைத்திய நூல்களில் கூடுதல் கவனம் வேண்டும். தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் இத்தகைய சுவடிகள் பலவற்றை அச்சில் கொண்டுவந்திருக்கிறது. சுவடிக்குச் சுவடி சொல் மாறும் இடங்களை, அதாவது பாடபேதத்தைக் காட்டியிருக்கிறார்களா, அருஞ்சொல் விளக்கம் உண்டா என்று பதிப்பின் தரத்தைச் சொல்லுங்கள். அதில் உள்ள மருந்து நோயைத் தீர்க்கும் என்று சான்று கொடுப்பது வாசகரின் வேலையன்று.

பயணநூலுக்கும் ஒரு சொல். சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரியோடு குடகு முதல் கடல்முகம் வரை போய்வந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' 1971-இல் வந்தது. அதை இன்றைய வழிகாட்டியாகக் கொண்டு குறை காண்பதைவிட, அவர்கள் பார்த்த ஆற்றுக்கும் நீங்கள் பார்க்கும் ஆற்றுக்கும் இடையில் என்ன மாறியது என்று உங்கள் ஊர்ப் பக்கத்தை மட்டும் எடுத்து எழுதுங்கள். அப்படி ஒரு கருத்துரை எங்கள் கோப்பில் இருக்கிறது. எழுதியவர் வாய்க்காலில் தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீராணிக்க வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நூலைவிட ஒரு பத்தி கூடுதலாகவே அவருக்குத் தெரிந்திருந்தது.

ஐந்தாவதாக, தேடும் வசதியும் நூல்கட்டும்

பார்வை நூலின் உயிர் சொல்லடைவில் இருக்கிறது. ஐந்து செய்திகளை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். அடைவு தரும் பக்க எண் உண்மையில் அந்தப் பக்கத்துக்குத்தான் கொண்டு போகிறதா என்பதையும் சரிபாருங்கள். மறுபதிப்பில் பக்கங்கள் மாறியும் அடைவை மாற்றாமல் விடுவது உண்டு. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும் 1954 முதல் 1968 வரை வந்தவை. அதில் எண்கள் பழையனவாக இருக்கும்; கட்டுரைகளின் தமிழும் ஒழுங்கும் இன்றும் கற்றுக்கொள்ளத்தக்கவை. இரண்டையும் தனித்தனியே சொல்ல வேண்டும்.

கட்டைப் பற்றியும் எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நம் வீடுகளில் பசை போட்டு ஒட்டிய தடித்த நூல்கள் நடுவில் பிளந்து தாள் தாளாக வந்துவிடுகின்றன. நாள்தோறும் திறக்க வேண்டிய நூல் நூலிட்டுத் தைத்த கட்டாக இருக்கிறதா, விரித்து வைத்தால் மூடிக்கொள்ளாமல் நிற்கிறதா, எழுத்து வயதானவர் கண்ணுக்கு எட்டுகிறதா என்பவை விலையைப் போலவே முக்கியமானவை.

எழுத உட்காரும்போது

முதல் பத்தியில் நூல் எதைப் பற்றியது, யாருக்கானது, எந்தப் பதிப்பு, என்ன விலை என்று சொல்லிவிடுங்கள். அடுத்து நீங்கள் உரசிப் பார்த்த இடத்தை விரிவாக எழுதுங்கள். கருத்துரையில் பாதி அதற்கே போகலாம். குறைகளைச் சொல்வதற்கு நன்னூல் கூறும் பத்துக் குற்றங்கள் கைகொடுக்கும். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் என்று பெயரிட்டுச் சொல்லப் பழகினால், "ஏதோ சரியில்லை" என்ற மங்கலான எண்ணம் தெளிவான குறையாக மாறும். முதல் நூறு பக்கத்தில் விரிவாகத் தொடங்கி, கடைசியில் பட்டியலாகச் சுருங்கும் ஊர் வரலாறுகளை நம்மிடையே நிறையப் பார்க்கலாம். 'சென்று தேய்ந்து இறுதல்' அவற்றுக்கென்றே அமைந்த சொல்.

குறையைப் பக்க எண்ணோடு எழுதுங்கள். "பிழைகள் மலிந்துள்ளன" என்பதற்குப் பதிலாக, "எண்பதாம் பக்கத்தில் மேட்டூர் அணை திறந்த ஆண்டு 1943 என்று உள்ளது, 1934 என்று இருக்க வேண்டும், இலக்கங்கள் இடம் மாறிய அச்சுப்பிழையாகத் தெரிகிறது" என்று எழுதினால், வாசகர் தன் படியில் திருத்திக்கொள்வார், பதிப்பாளரும் அடுத்த அச்சில் சரிசெய்ய முடியும். அச்சுப்பிழையையும் பொருட்பிழையையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஆசிரியர் உங்கள் உறவினராகவோ நண்பராகவோ இருந்தாலும், நூல் இலவசமாக வந்திருந்தாலும், அதை முதல் வரியிலேயே தெரிவித்துவிடுவது நல்லது. உங்களுக்குத் தெரியாத பகுதிகளைப் பற்றி, "இசை பற்றிய இயலை மதிப்பிடும் பயிற்சி எனக்கில்லை" என்று எழுதுவதில் குறைவு ஒன்றுமில்லை. மற்ற பகுதிகளைப் பற்றி நீங்கள் சொல்வதை அந்த ஒரு வரி நம்பத்தக்கதாக்கும். இறுதியில் நாளையும் எழுதுங்கள்.

எழுதிய கருத்தைத் திருத்த வேண்டி வந்தால்

வேண்டி வரும். எண்டோசல்பான் சீட்டுக்குப் பிறகு, கோப்பிலிருந்த என் பழைய கருத்துரையைக் கிழித்துப் போட எனக்கு மனம் வந்தது. நூலகர் தடுத்தார். அதைப் படித்தவர்கள் ஏற்கெனவே படித்துவிட்டார்கள், திருத்தம் அதன் பக்கத்திலேயே இருந்தால்தான் அவர்கள் கண்ணில் படும் என்றார். ஆகவே பழைய தாளின் கீழே நாளிட்டுத் திருத்தம் எழுதிக் கையெழுத்திட்டேன். பிறகு நூலகரின் அனுமதியோடு, அந்தக் கையேட்டின் நூலகப் படியை எடுத்து, தடையில் உள்ள மருந்துகள் வரும் பக்க எண்களை ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக எழுதி, முன் அட்டையின் உட்புறம் ஒட்டினேன். பெரியவரின் படியிலும் அதேபோல ஒன்று ஒட்டிக் கொடுத்தேன். ஆண்டுதோறும் குறுவை நாற்றங்கால் விடும் முன் அந்தத் தாளை எடுத்துப் பார்த்து, புதிதாகத் தடையான பெயர் ஏதும் இருந்தால் கீழே சேர்த்துவருகிறேன்.